சேவை வழங்குநருக்கான எம்பிஎல்எஸ் விபிஎன் நெட்வொர்க்கை வடிவமைத்தல்: முழுமையான வழிகாட்டி

கோவையில் நூற்பாலையும், சென்னையில் தலைமை அலுவலகமும், மதுரையில் கிடங்கும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், மூன்று இடங்களையும் ஒரே உள் நெட்வொர்க்காக இணைத்துத் தருமாறு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வாரம் ஒரு கூட்டுறவு வங்கி தன் நாற்பது கிளைகளை இணைக்கக் கேட்கிறது. இரண்டு நிறுவனங்களும் தத்தம் அலுவலகத்துக்குள் 10.1.1.0/24 என்ற முகவரித் தொகுதியையே (10.1.1 என்று தொடங்கும் 256 முகவரிகள்) பயன்படுத்துகின்றன. இருவருக்கும் தனித்தனிக் கேபிள் போடுவது கட்டுப்படியாகாது. அதே சமயம் ஒருவருடைய ஒரு பாக்கெட்கூட மற்றவருடைய அலுவலகத்துக்குள் போய்விடக் கூடாது. சேவை வழங்குநர் நெட்வொர்க்கின் வடிவமைப்பு இந்தச் சிக்கலிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு விடை எம்பிஎல்எஸ் விபிஎன்: பாக்கெட்டின் மேல் லேபிள் என்ற சீட்டை ஒட்டி, ஒரே கேபிள்களின் மேல் பல நிறுவனங்களுக்குத் தனித்தனி நெட்வொர்க் கொடுக்கும் முறை.

ஃப்ரேம் ரிலே, ஏடிஎம் என்ற பழைய இணைப்பு முறைகளின் காலத்தில் இதற்கு ஒவ்வொரு ஜோடி அலுவலகத்துக்கும் இடையே ஒரு சர்க்யூட் அமைத்தார்கள். நாற்பது கிளைகளும் ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டுமானால் 780 சர்க்யூட்டுகள் தேவைப்படும்; நாற்பத்தோராவது கிளை திறந்தால் மேலும் நாற்பது. 1999 மார்ச்சில் எரிக் ரோசனும் யாக்கோவ் ரெக்டரும் எழுதி வெளிவந்த ஆர்எஃப்சி 2547 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வேறொரு வழியைக் காட்டியது. வாடிக்கையாளரின் ரவுட்டிங்கில் வழங்குநரே பங்கெடுத்து, ரவுட்டுகளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற தகவலை) பிஜிபி என்ற ரவுட்டிங் நெறிமுறை வழியாகவும் பாக்கெட்டுகளை எம்பிஎல்எஸ் லேபிள் வழியாகவும் கொண்டுசெல்வது அந்த வழி. அதன் திருத்தப்பட்ட வடிவம் 2006 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 4364 ஆக வந்தது. இன்றும் அடிப்படை அதுவே.

இந்த அமைப்பில் மூன்று வகை ரவுட்டர்கள் உண்டு. வாடிக்கையாளர் வளாகத்தில் இருப்பது சிஇ. அது வந்து சேரும் வழங்குநரின் விளிம்பு ரவுட்டர் பிஇ. நடுவே லேபிளைப் பார்த்துப் பாக்கெட்டைத் தள்ளிவிடும் மைய ரவுட்டர் பி. கீழே வரும் எல்லாப் படிகளும் ஒரே விதியைச் சுற்றியே நிற்கின்றன: நடுவே இருக்கும் பி ரவுட்டருக்கு எந்த வாடிக்கையாளரையும் தெரிந்திருக்கக் கூடாது. வாடிக்கையாளர் எண்ணிக்கை பத்தானாலும் பத்தாயிரமானாலும் மையத்தின் ரவுட்டிங் பட்டியல் ஒரே அளவில் இருக்க வேண்டும். வடிவமைப்பில் எங்கே ஐயம் வந்தாலும் இந்த விதியை வைத்து அளந்து பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

விளக்கத்துக்காகத் தமிழ்நாட்டு அளவில் ஒரு கற்பனை வழங்குநரை எடுத்துக்கொள்கிறேன். சென்னை, வேலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஏழு ஊர்களில் அதற்கு நிலையங்கள் உண்டு. ஊருக்கு இரண்டு வீதம் பதினான்கு பிஇ ரவுட்டர்கள். அதன் ஏஎஸ் எண்ணாக (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்), எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களில் ஒன்றான 64500ஐ வைத்துக்கொள்வோம்.

படி 1: வரைவதற்கு முன் கேட்க வேண்டியவை

எந்தக் கிளை எந்தக் கிளையோடு பேச வேண்டும், ஒவ்வொரு இடத்திலிருந்தும் எத்தனை ரவுட்டுகள் வரும், எந்த இடத்துக்கு இரண்டு இணைப்பு, இணைப்பு அறுந்தால் எத்தனை நொடி பொறுக்க முடியும் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு வரும் விடையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். "எல்லாம் எல்லாவற்றோடும்" என்று கேட்கும் வங்கிக்கு, கிளைக்கும் கிளைக்கும் இடையே நேர்வழி இருக்கவே கூடாது என்பது அதன் பாதுகாப்புப் பிரிவைக் கேட்ட பிறகுதான் தெரியவரும்.

படி 2: கேபிள் போகும் வழி

ரவுட்டர் வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருப்பதாலேயே இரண்டு வழிகள் இருப்பதாக ஆகிவிடாது. வடக்கிலிருந்து திருச்சி நகருக்குள் வரும் எந்தக் கேபிளும் காவிரியைக் கடந்தாக வேண்டும். சென்னையிலிருந்து வருவதும் சேலத்திலிருந்து வருவதும் வேறுவேறு நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தவையாக இருந்தாலும், இரண்டும் ஒரே பாலத்தின் ஒரே ஓரத்தில் குழாய்க்குள் ஓடினால், பாலத்தில் வேலை நடக்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே வாடகை ஒப்பந்தம் போடும்போதே கேபிள் போகும் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஆறு, ரயில் பாதை, ஊர் நுழைவாயில் ஆகிய இடங்களில் இரண்டு பாதைகளும் எங்கே நெருங்குகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. அந்த வரைபடத்தைத் தர மறுப்பவரிடம் இரண்டாவது இணைப்பை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

நம் எடுத்துக்காட்டில் சென்னை, வேலூர், சேலம், கோவை, மதுரை, திருச்சி, மீண்டும் சென்னை என ஒரு வளையமும், சேலத்துக்கும் திருச்சிக்கும் இடையே ஒரு குறுக்கு இணைப்பும் இருக்கும். திருநெல்வேலி வளையத்துக்கு வெளியே தொங்குகிறது. கோவில்பட்டி வழியாக ஒன்றும் தூத்துக்குடி வழியாக ஒன்றும் கொடுத்தாலும் இரண்டும் மதுரைக்கே வந்து சேரும். அதனால் மதுரையில் ஒரே பி ரவுட்டர் போதாது. சென்னையிலும் மதுரையிலும் இரண்டிரண்டு, சேலம், கோவை, திருச்சியில் ஒவ்வொன்று என ஏழு பி ரவுட்டர்கள் வைக்கலாம். ஒரே பி ரவுட்டர் உள்ள ஊரில், இரண்டாவது பிஇயின் மறு இணைப்பு அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

தூரத்தையும் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒளி இழைக்குள் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆகும். சென்னைக்கும் மதுரைக்கும் சாலை வழி சுமார் 460 கிலோமீட்டர் என்பதால், எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் போய்வர 4.6 மில்லிநொடிக்குக் கீழே கொண்டுவர முடியாது. விற்பனைப் பிரிவு 3 மில்லிநொடி என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்பே அவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

படி 3: முகவரித் திட்டம்

ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு லூப்பேக் முகவரி (எந்த இணைப்பையும் சாராமல் அந்த ரவுட்டரையே குறிக்கும் முகவரி), ஒரே தொகுதியிலிருந்து, /32 அளவில், அதாவது ஒற்றை முகவரியாகக் கொடுங்கள். ரிஃப்ளெக்டர்களுக்கு (ஒரு பிஇயின் ரவுட்டுகளை மற்ற பிஇகளுக்கு எடுத்துச் சொல்பவை; படி 7இல் வரும்) 10.255.0.1, 10.255.0.2, சென்னை பிஇகளுக்கு 10.255.0.11, 12, கோவைக்கு 21, 22, மதுரைக்கு 31, 32 என்று ஊரை எண்ணிலேயே படிக்கும்படி அமைத்தால், இரவு மூன்று மணிக்கு விழித்து எழுபவருக்கு உதவியாக இருக்கும். ரவுட்டர்களுக்கு இடையிலான இணைப்புகளுக்கு /31, அதாவது இரண்டே முகவரிகள், போதும். வாடிக்கையாளரும் 10 என்று தொடங்கும் முகவரிகளை வைத்திருப்பாரே என்று கவலைப்பட வேண்டாம். அவருடைய முகவரிகள் அவருக்குரிய தனிப் பட்டியலில் இருக்கும், மையத்தின் பட்டியலைத் தொடாது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரவுட்டுகளைச் சுருக்கிச் சொல்வது நல்ல பழக்கம் என்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் பிஇ லூப்பேக்குகளை ஒருபோதும் சுருக்கக் கூடாது. ரவுட்டர்களுக்கு இடையே லேபிள்களைப் பகிரும் எல்டிபி நெறிமுறை, ரவுட்டிங் பட்டியலில் உள்ள முகவரியும் லேபிள் வந்த முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அந்த லேபிளைப் பயன்படுத்தும். பட்டியலில் 10.255.0.0/24 என்று சுருக்கமாகவும், லேபிள் 10.255.0.21/32க்கு என்றும் வந்தால், லேபிள் பாதை அந்த இடத்தில் முறிந்துவிடும். லூப்பேக்கிலிருந்து லூப்பேக்குக்குப் பிங் (சோதனைப் பாக்கெட்) அடித்தால் போகும், பிஜிபி செஷனும் எழுந்து நிற்கும், ஆனால் எந்த வாடிக்கையாளருக்கும் எதுவும் போய்ச் சேராது.

படி 4: மையத்தின் உள் ரவுட்டிங்

வழங்குநரின் ரவுட்டர்கள் தமக்குள் வழி கண்டறிய ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் என்று இரண்டு நெறிமுறைகள் உண்டு; இரண்டுமே இந்த வேலையைச் செய்யும். புதிதாகக் கட்டும்போது நான் ஐஎஸ்-ஐஎஸ்ஸையே எடுப்பேன். அது ஐபிக்கு மேல் ஓடாமல் நேரடியாக ஈதர்நெட்டின் மேல் ஓடுவதால், வெளியிலிருந்து ஐபி பாக்கெட் அனுப்பி அதைத் தாக்க வழியில்லை. ஐபிவி6ஐச் சேர்க்கும்போதும் புது நெறிமுறை தேவைப்படாது. இருப்பதிலேயே ஒரு பகுதி கூடும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் குழுவில் அனைவருக்கும் ஓஎஸ்பிஎஃப் பழக்கமாகி, ஐஎஸ்-ஐஎஸ்ஸை யாரும் தொட்டதே இல்லையென்றால், இந்தக் காரணங்களுக்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

இருபத்தொரு ரவுட்டர்களுக்கு ஒரே மட்டம் போதும். எல்லாவற்றையும் லெவல் 2 மட்டும் என்று வையுங்கள். எல்லா இணைப்புகளையும் புள்ளிக்குப் புள்ளி வகையாக அறிவியுங்கள். மெட்ரிக் என்பது ஓர் இணைப்பின் செலவைக் குறிக்கும் எண். பழைய குறுகிய மெட்ரிக்கில் ஓர் இணைப்புக்கு 63க்கு மேல் கொடுக்க முடியாது என்பதால், 24 பிட் அகல மெட்ரிக்கைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். மதிப்பாகக் கேபிளின் கிலோமீட்டரையே கொடுக்கலாம். பாக்கெட் குறுகிய வழியில் போகும், வரைபடத்தைப் பார்த்தாலே எந்த வழி என்று சொல்லவும் முடியும். அண்டை ரவுட்டர்களுக்கு இடையே கடவுச்சொல் சரிபார்ப்பும் கட்டாயம். பராமரிப்புக்காக ஒரு ரவுட்டரை நிறுத்துமுன் ஓவர்லோடு பிட்டை (என் வழியாக அனுப்பாதே என்ற குறியை) ஏற்றினால், மற்றவை தம் வழியை மெல்ல மாற்றிக்கொள்ளும். அதன்பின் கேபிளைக் கழற்றலாம்.

இந்த நெறிமுறைக்குள் லூப்பேக்குகளும் இணைப்பு முகவரிகளும் மட்டுமே இருக்க வேண்டும். பிஜிபியில் உள்ளவற்றை இதற்குள் கொட்டும் மறுபகிர்வுக் கட்டளை எந்த ரவுட்டரிலும், எந்த அவசரத்திலும் இருக்கக் கூடாது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க் ஏறத்தாழ 26 மணி நேரம் விழுந்துகிடந்ததற்குக் காரணம் இந்த எல்லை உடைந்ததுதான். அன்று அதிகாலை நடந்த மாற்ற வேலையில், விநியோக ரவுட்டர்களில் இருந்த வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்துவைத்திருந்த ரவுட்டுகள் வெள்ளமாக மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்து அவற்றைத் திணறடித்துவிட்டன. 1.2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இணைப்பு போயிற்று. ஆகவே வடிகட்டியோடு நின்றுவிடாமல், தவறி வந்தாலும் இத்தனைக்கு மேல் ரவுட்டுகளை ஏற்பதில்லை என்ற வரம்பையும் மைய ரவுட்டரில் வையுங்கள். நம் நெட்வொர்க்கில் சில நூறு ரவுட்டுகளே இயல்பு. ஆயிரத்தைத் தாண்டினாலே மணி அடிக்க வேண்டும்.

படி 5: லேபிள்

எம்பிஎல்எஸ் லேபிள் என்பது பாக்கெட்டின் முன்னே ஒட்டப்படும் 4 பைட் சீட்டு. அதில் 20 பிட் எண்ணுக்கும், 3 பிட் முன்னுரிமைக்கும், 1 பிட் இதுதான் கடைசிச் சீட்டு என்ற அறிவிப்புக்கும், 8 பிட் ஆயுள் எண்ணிக்கைக்கும் உரியவை. விபிஎன்னில் இரண்டு சீட்டுகள் ஒட்டப்படும்: வெளிச்சீட்டு எந்த பிஇக்குப் போக வேண்டும் என்பதையும், உட்சீட்டு அந்த பிஇயில் எந்த வாடிக்கையாளர் என்பதையும் சொல்லும்.

வெளிச்சீட்டைப் பகிர எல்டிபி, செக்மென்ட் ரவுட்டிங் என இரண்டு வழிகள் உண்டு. எல்டிபி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த நெறிமுறை. குறை சொல்ல முடியாது. ஆனால் உள் ரவுட்டிங் ஓர் இணைப்பு வந்துவிட்டது என்று சொல்லும் நேரத்துக்கும், எல்டிபி அதற்கு லேபிள் கொடுக்கும் நேரத்துக்கும் இடையே விழும் இடைவெளியில் பாக்கெட்டுகள் மறைந்துபோகும். அதற்கென்றே இரண்டையும் ஒத்திசைக்கும் வசதி ஆர்எஃப்சி 5443இல் வரையறுக்கப்பட்டிருக்கிறது. எல்டிபி வைப்பவர்கள் அதை மறக்காமல் இயக்க வேண்டும். செக்மென்ட் ரவுட்டிங்கில் லேபிளை ஐஎஸ்-ஐஎஸ்ஸே சுமந்து வருவதால் அந்த இடைவெளியே இல்லை. ரவுட்டர்கள் எல்லாம் ஆதரிக்குமானால் புது நெட்வொர்க்குக்கு இதையே பரிந்துரைப்பேன்.

ஒரு பாக்கெட்டின் பயணத்தை அருகிலிருந்து பார்ப்போம். செக்மென்ட் ரவுட்டிங் லேபிள் தொகுதி 16000இல் தொடங்குகிறது என்றும், ஒவ்வொரு ரவுட்டரின் குறியெண் அதன் லூப்பேக்கின் கடைசி எண் என்றும் வைத்துக்கொண்டால், கோவையின் முதல் பிஇக்கு லேபிள் 16021. மதுரைக் கிடங்கில் ஒருவர் கோவை நூற்பாலையின் 10.1.1.25 என்ற சர்வரைத் திறக்கிறார். மதுரை பிஇ, அந்த நிறுவனத்துக்குரிய பட்டியலில் தேடுகிறது, 10.255.0.21 வழியாக, உட்சீட்டு 24017 என்று விடை கிடைக்கிறது. 24017ஐ ஒட்டி, அதன்மேல் 16021ஐ ஒட்டி அனுப்புகிறது. மதுரையின் பி ரவுட்டர் 16021ஐ மட்டும் பார்த்துக் கோவைப் பக்கம் தள்ளுகிறது, உள்ளே 10.1.1.25 இருப்பது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் அந்த முகவரி அதன் பட்டியலில் இல்லை. கோவையின் பி ரவுட்டர் கடைசிக்கு முந்தையது என்பதால் வெளிச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுக்கிறது. கோவை பிஇ 24017ஐப் பார்த்தவுடன் இது நூற்பாலைக்கு என்று அறிந்து, சீட்டை நீக்கி, வெறும் ஐபி பாக்கெட்டாக சிஇயிடம் ஒப்படைக்கிறது.

படி 6: எம்டியூ

எம்டியூ என்பது ஓர் இணைப்பு தாங்கும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. இது தனிப் படியாக நிற்க வேண்டியதில்லை என்று தோன்றலாம். என் அனுபவத்தில் இதைப் போல அலைக்கழித்தது வேறொன்றும் இல்லை.

1500 பைட் பாக்கெட்டுக்கு இரண்டு சீட்டுகள் ஒட்டினால் 1508. மையத்தின் எல்லா இணைப்புகளும் 9000க்கு மேல் தாங்கும்படி இருந்தால் பிரச்சினையே வராது. நான் முன்பு பார்த்துக்கொண்ட ஒரு நெட்வொர்க்கில் எல்லா ரவுட்டர்களிலும் அப்படித்தான் வைத்திருந்தோம். ஆனால் வாடகைக்கு எடுத்த ஒரு மாற்றுப் பாதையின் நடுவே இருந்த சுவிட்ச் 1504 வரை மட்டுமே தாங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. பல மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் முதன்மைக் கேபிள் அறுந்து, போக்குவரத்து அந்தப் பாதைக்கு மாறியது. ஒரு வாடிக்கையாளரின் கிளைகளிலிருந்து விசித்திரமான புகார் வந்தது: பிங் போகிறது, உள்நுழையும் திரை வருகிறது, அறிக்கையைத் திறந்தால் மட்டும் நின்றுவிடுகிறது. சிறு பாக்கெட்டுகள் போயின. முழு அளவுப் பாக்கெட்டுகள் ஓசையில்லாமல் மறைந்தன. அந்தப் பாதையில் நேர் அண்டையாக இருந்த பிஇக்கு மட்டும் எந்தப் புகாரும் இல்லை. வெளிச்சீட்டு முன்னதாகவே நீங்கிவிடுவதால் அதற்குப் போன பாக்கெட் சரியாக 1504 பைட்டாக இருந்தது. அந்த ஒரு வேறுபாடுதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. துண்டாக்க வேண்டாம் என்ற குறியோடு பிங் அடித்தபோது 1468 பைட் தரவு போயிற்று, 1469 போகவில்லை; அதோடு 28 பைட் தலைப்பும் 8 பைட் சீட்டுகளும் சேர்ந்தால் 1504.

ஐஎஸ்-ஐஎஸ் தன் ஹலோ பாக்கெட்டை முழு எம்டியூ அளவுக்கு நிரப்பி அனுப்பும் வசதி கொண்டது. அது இயங்கியிருந்தால் அந்த இணைப்பு முதல் நாளே எழுந்திருக்காது, நாங்களும் கண்டுபிடித்திருப்போம். அலைவரிசையைச் சேமிக்கிறோம் என்று அதை நிறுத்திவைத்திருந்தோம். இப்போதெல்லாம் எந்த இணைப்பையும் ஏற்குமுன், அது தாங்க வேண்டிய முழு அளவில், துண்டாக்க வேண்டாம் என்ற குறியோடு பிங் அடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

படி 7: பிஜிபியும் ரவுட் ரிஃப்ளெக்டரும்

வாடிக்கையாளரின் ரவுட்டுகள் பிஇகளுக்கு இடையே உள் பிஜிபி வழியாகப் பயணிக்கின்றன. பதினான்கு பிஇகளும் ஒன்றோடொன்று நேராகப் பேச 91 செஷன்கள் வேண்டும். இரண்டு ரிஃப்ளெக்டர்கள் வைத்தால் பிஇக்கு இரண்டு வீதம் 28, ரிஃப்ளெக்டர்களுக்கு இடையே ஒன்று, ஆக 29. புதிய பிஇ வரும்போது மற்ற பிஇகளைத் தொட வேண்டியதும் இல்லை.

ஒன்றைச் சென்னையிலும் மற்றதைக் கோவையிலும் வையுங்கள். அவை வாடிக்கையாளரின் பாக்கெட் செல்லும் பாதையில் இருக்க வேண்டியதில்லை. நினைவகம் மிகுந்த சாதாரண சர்வரில் ஓடும் மென்பொருள் ரவுட்டரே போதும். இரண்டுக்கும் ஒரே கிளஸ்டர் எண்ணைக் கொடுத்தால், ஒன்றின் ரவுட்டுகளை மற்றொன்று ஏற்காது. ஒரு பிஇக்கு ஒரு பக்கத்துச் செஷன் மட்டும் விழுந்தால் சில ரவுட்டுகள் காணாமல் போகலாம். வேறுவேறு எண் கொடுத்துவிடுங்கள்; கூடுதல் நினைவகம் மலிவு. எல்லாச் செஷன்களும் லூப்பேக்கிலிருந்து லூப்பேக்குக்கே எழ வேண்டும். பிஇகள் பெருகி, ஒவ்வொன்றிலும் சில வாடிக்கையாளர்களே இருக்கும் நிலை வந்தால், தேவையான ரவுட்டுகளை மட்டும் கேட்டு வாங்கும் ஆர்எஃப்சி 4684 வசதியை இயக்கலாம். பதினான்குக்கு அது அவசரமில்லை.

படி 8: விஆர்எஃப், டிஸ்டிங்விஷர், டார்கெட்

ஒவ்வொரு பிஇயிலும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இருக்கும் தனி ரவுட்டிங் பட்டியலே விஆர்எஃப். அதற்கு இரண்டு எண்கள் தேவை: ரவுட் டிஸ்டிங்விஷர், ரவுட் டார்கெட். இரண்டையும் முதலெழுத்தால் சுருக்கித் தமிழில் எழுதினால் "ஆர்டி" என்றே வந்துவிடும். ஆங்கிலத்தில் படித்தவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது நாமும் சேர்ந்து குழப்ப வேண்டாம் என்பதால் முழுப் பெயராலேயே அழைக்கிறேன்.

டிஸ்டிங்விஷர் என்பது 8 பைட் அடைமொழி. நூற்பாலையின் 10.1.1.0/24உம் வங்கியின் 10.1.1.0/24உம் பிஜிபிக்குள் ஒன்றாகிவிடாமல் இருக்க, முகவரியின் முன்னே ஒட்டப்படுகிறது. ஒரே பெயருடைய இரண்டு முருகன்களை இனிஷியலால் பிரித்தறிவது போன்றதுதான். எந்த ரவுட் எந்த விஆர்எஃப்புக்குள் போக வேண்டும் என்பதில் அதற்குப் பங்கே கிடையாது. அதைத் தீர்மானிப்பது டார்கெட். ஒரு ரவுட் வெளியே போகும்போது இந்த டார்கெட்டை ஒட்டு என்பது ஏற்றுமதி. இந்த டார்கெட் ஒட்டிய ரவுட்டுகளை எடுத்துக்கொள் என்பது இறக்குமதி.

டிஸ்டிங்விஷரை வாடிக்கையாளருக்கு ஒன்று என்று கொடுப்பதா, ஒவ்வொரு பிஇயிலும் வேறுவேறாகக் கொடுப்பதா என்ற கேள்வியைப் பலரும் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். சென்னைத் தலைமை அலுவலகம் இரண்டு பிஇகளிலும் இணைந்திருக்கிறது என்று கொள்வோம். இரண்டும் 10.1.5.0/24 என்ற ரவுட்டை அறிவிக்கின்றன. டிஸ்டிங்விஷர் ஒன்றாக இருந்தால், ரிஃப்ளெக்டரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ரவுட். அதில் சிறந்தது என்று ஒன்றைத் தேர்ந்து, அதை மட்டும் மதுரைக்கு அனுப்பும். முதல் பிஇ செத்தால், ரிஃப்ளெக்டர் அதை உணர்ந்து, மறு தேர்வு செய்து, புது ரவுட்டை அனுப்பும் வரை மதுரைக்கு வேறு வழி இருப்பதே தெரியாது. இரண்டு இணைப்புக்கும் பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு, இரண்டிலும் சமமாகப் பகிரவும் முடியாது. பிஇயின் லூப்பேக்கைச் சேர்த்து 10.255.0.11:105, 10.255.0.12:105 என்று வேறுவேறாகக் கொடுத்தால், இரண்டும் தனித்தனி ரவுட்டுகளாக மதுரை வரை வந்துசேரும். மதுரை பிஇ மாற்று வழியை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும். முதல் லூப்பேக் ஐஎஸ்-ஐஎஸ்ஸிலிருந்து மறைந்த கணமே மாறிக்கொள்ளும். நெட்வொர்க் ஓடத் தொடங்கிய பிறகு டிஸ்டிங்விஷரை மாற்றுவது அந்த விஆர்எஃப்பைக் கலைத்துக் கட்டுவதற்குச் சமம் என்பதால், இதை முதல் நாளே சரியாகச் செய்துவிட வேண்டும்.

டார்கெட்டில் நூற்பாலைக்கு வேலை எளிது: எல்லா இடங்களிலும் 64500:105ஐ ஏற்றுமதி, 64500:105ஐயே இறக்குமதி. வங்கிக்குக் கிளைகள் தலைமையகத்தோடு மட்டுமே பேச வேண்டும். கிளைகள் 64500:2061ஐ ஏற்றுமதி செய்து 64500:2060ஐ இறக்குமதி செய்யட்டும். தலைமையகம் இதற்கு நேர்மாறாகச் செய்யட்டும். கிளைகளின் ரவுட்டுகளைக் கிளைகள் இறக்குமதி செய்யாததால் நேர்வழி பிறக்காது; ஒரே பிஇயில் இரண்டு கிளைகள் இணைந்தால் மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி விஆர்எஃப் வேண்டும். கிளைக்கும் கிளைக்கும் இடையே பேச்சு வேண்டும், ஆனால் அது தலைமையகத்தின் ஃபயர்வால் வழியாகவே போக வேண்டும் என்று கேட்டால், தலைமையக பிஇயில் இரண்டு விஆர்எஃப்புகளும் இரண்டு இணைப்புகளும் தேவை: ஒன்று கிளைகளின் ரவுட்டுகளைப் பெற்று ஃபயர்வாலுக்குக் கொடுக்க, மற்றது ஃபயர்வால் திருப்பித் தருவதைக் கிளைகளுக்கு அறிவிக்க. ஒரே விஆர்எஃப்பில் இதைச் சாதிக்க முயன்றால், பாக்கெட் ஃபயர்வாலைத் தொடாமலேயே பிஇயில் திரும்பிவிடும்.

இந்த அமைப்பில் இரண்டு நிறுவனங்களைப் பிரித்து நிற்பது ஒரு டார்கெட் எண் மட்டுமே. யாரோ ஒருவர் 105க்குப் பதிலாக 150 என்று தட்டினால் ஒருவருடைய ரவுட்டுகள், 150ஐ வைத்திருக்கும் வேறொருவருடைய பட்டியலில் போய் அமர்ந்துவிடும். எண்களைக் கையால் தட்ட விடாமல், வாடிக்கையாளர் பதிவேட்டிலிருந்து ஸ்கிரிப்ட் உருவாக்கும்படி வையுங்கள். இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: எம்பிஎல்எஸ் விபிஎன் பிரித்துவைக்கும், மறையாக்கம் செய்யாது. கேபிளில் ஒட்டுக் கேட்பவருக்குப் பாக்கெட் அப்படியே தெரியும். வங்கிக்கு மறையாக்கம் தேவையென்றால், அதன் சிஇகளுக்கு இடையே ஐபிசெக் என்ற மறையாக்க நெறிமுறை தனியாக ஓட வேண்டும்.

படி 9: பிஇக்கும் சிஇக்கும் இடையே

ஒரே இணைப்பும் ஒரே சப்நெட்டும் உள்ள கிளைக்கு நிலையான ரவுட் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் பிஜிபி. வாடிக்கையாளர் எல்லாக் கிளைகளிலும் 65010 போன்ற ஒரே தனியார் ஏஎஸ் எண்ணை வைத்திருந்தால், ஒரு கிளையின் ரவுட் மற்றொரு கிளைக்குப் போகும்போது, தன் எண்ணையே பாதையில் கண்டு அந்த சிஇ அதை நிராகரித்துவிடும். பிஇயில் ஏஎஸ் மாற்றீட்டை இயக்கினால், அந்த எண்ணின் இடத்தில் 64500 வந்து அமரும். ஆனால் அதே கையோடு, வளையத்தைத் தடுக்கும் பாதுகாப்பையும் நாமே எடுத்துவிட்டோம். இரண்டு பிஇகளில் இணைந்திருக்கும் இடத்திலிருந்து கிளம்பிய ரவுட் அந்த இடத்துக்கே திரும்பி வராதிருக்க, தோற்ற இடக் குறியை அங்கே ஒட்டுவது கட்டாயம்.

வாடிக்கையாளர் ஓஎஸ்பிஎஃப்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால் செய்யலாம். ஆர்எஃப்சி 4577 வழி சொல்கிறது. இரண்டு கிளைகளுக்கு இடையே அவர்களுக்குச் சொந்தமான பழைய இணைப்பு ஒன்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இருந்தால், ஓஎஸ்பிஎஃப் விபிஎன் வழியை வெளிப் பகுதியின் வழியாகக் கருதி, அந்த மெதுவான பழைய இணைப்பையே எப்போதும் தேர்ந்துகொள்ளும். ஷாம் லிங்க் என்ற போலி இணைப்பைப் பிஇகளுக்கு இடையே வைத்தால்தான் அது சரியாகும்.

எந்த நெறிமுறையானாலும் ரவுட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். நம் ஊர்களில் கடைசிக் கிலோமீட்டர் பெரும்பாலும் ஒரு மீடியா கன்வர்ட்டர் (ஒளி இழையை ஈதர்நெட் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வழியாகவே வருகிறது. அதற்கு அப்பால் கேபிள் அறுந்தாலும் பிஇயின் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பல ரவுட்டர்களில் இயல்பாக உள்ள 180 நொடி காத்திருப்பு முடியும் வரை பிஜிபிக்குச் செய்தி தெரியாது. அதனால் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி நெறிமுறை தேவை. அணுகு இணைப்புகளில் 300 மில்லிநொடிக்கு ஒருமுறை, மூன்று தவறினால் விழுந்ததாகக் கொள் என்பது பாதுகாப்பான தொடக்கம். மையத்தில் 50 மில்லிநொடி வரை இறங்கலாம்.

இன்டர்நெட் சேவையையும் இதே பிஇகள் கொடுக்குமானால், முழு இன்டர்நெட் பட்டியலையும் பிஜிபியிலேயே வைத்து, பி ரவுட்டர்களுக்கு அதைக் காட்டாமல் விடுங்கள். லேபிள் இருப்பதால் அவற்றுக்கு அது தேவையில்லை. குரல் அழைப்புக்கான முன்னுரிமையை வாடிக்கையாளர் பாக்கெட்டில் குறித்தபடி நம்பாமல், பிஇயிலேயே வகைப்படுத்தி, சீட்டின் 3 பிட்டில் எழுத வேண்டும். எட்டு வகை சாத்தியம். நான்குக்கு மேல் வைத்த நெட்வொர்க்குகளில் ஐந்தாவது எதற்கு என்று கேட்டால் யாருக்கும் விடை தெரிவதில்லை.

படி 10: நிர்வாக வழியும் சோதனையும்

ரோஜர்ஸ் முறிவில் இன்னொரு செய்தியும் உண்டு. அவர்களின் நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தின் மேல்தான் ஓடியது. மையம் விழுந்ததும் பொறியாளர்கள் ரவுட்டர்களுக்குள் நுழையவே முடியவில்லை. ஒவ்வொரு ஊர் நிலையத்திலும் ஒரு கன்சோல் சர்வரை (நெட்வொர்க் விழுந்தாலும் ரவுட்டருக்குள் நுழைய உதவும் கருவி) வைத்து, அதற்கு வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை அந்த வழியாக மட்டுமே நுழைந்து பாருங்கள். ரீசார்ஜ் தீர்ந்த சிம் கார்டு ஆபத்தான நாளில்தான் தெரியவரும்.

சோதனையைக் கீழிருந்து மேலே நடத்த வேண்டும். முதலில் ஒவ்வொரு இணைப்பிலும் முழு அளவுப் பிங். அடுத்து ஒவ்வொரு பிஇயிலிருந்தும் மற்ற பதின்மூன்று பிஇகளின் லூப்பேக்குக்கு, லூப்பேக்கை மூல முகவரியாக வைத்துப் பிங். அது போவதால் மட்டும் லேபிள் பாதை சரி என்று ஆகாது என்பதால், லேபிள் வழியாகவே போகும் எல்எஸ்பி பிங்கை அதே ஜோடிகளுக்கு இடையே அடிக்க வேண்டும். அதன் பிறகே ரிஃப்ளெக்டரின் பட்டியலையும், கடைசியாக விஆர்எஃப்புக்குள்ளிருந்து சிஇ வரையும் பாருங்கள். நூற்பாலையின் விஆர்எஃப்பிலிருந்து வங்கியின் முகவரிக்குப் பிங் அடித்து, அது போகவில்லை என்பதையும் பதிவுசெய்யுங்கள்.

கடைசியாக, முதல் வாடிக்கையாளரை ஏற்றுவதற்கு முந்தைய வாரம், மதுரையில் ஒருவரும் கோவையில் ஒருவரும் நின்று, இரு முனைகளிலும் நொடிக்கு நூறு பாக்கெட் வீதம் ஓடவிட்டு, வளையத்தின் ஒவ்வொரு கேபிளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எத்தனை பாக்கெட் தொலைந்தது என்று எழுத வேண்டும். ஐந்து தொலைந்தால் 50 மில்லிநொடி. பிறகு ஒவ்வொரு பிஇயின் மின்சாரத்தையும், ஒவ்வொரு ரிஃப்ளெக்டரின் மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் இரண்டில் ஒன்று போனால் ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது. தொலைந்தால், எங்கோ ஒரு பிஇக்கு ஒரே செஷன்தான் இருக்கிறது என்று பொருள். அதைத் தேடிச் சரிசெய்த பிறகு, கேபிள் கழற்றும் சோதனையை முதலிலிருந்து மீண்டும் நடத்துங்கள்.